தி ஜங்கிள் (1952)

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் சேர்ந்து எடுத்த ஆங்கிலப் படம், தமிழில் ‘காடு’. அமெரிக்காவில் லிப்பர்ட் நிறுவனம் வெளியிட்டது. ராட் கேமரூன் வேட்டைக்காரர், மேரி வின்ட்சர் இளவரசி, சீசர் ரொமேரோ ராமா சிங், எம். என். நம்பியாரும் உண்டு.

யானைகள் ஊர்களைத் துவம்சம் செய்வது ஏன் என்று அறிய ஒரு குழு காட்டுக்குள் போகிறது. போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நடுநடுவே ஒட்டிய விலங்குக் காட்சிகளில் கதை நின்றுவிடுகிறது. படத்தின் பெரிய சறுக்கல் கடைசியில் வரும், ஆதிகால யானைகளான மாமத்துகள்: சடைமயிர் போர்த்திய நம்மூர் யானைகள்தான் அவை! மிரள வேண்டிய இடத்தில், தென்னாட்டு வெயிலில் அந்தப் போர்வையைச் சுமக்கும் வாயில்லா ஜீவன்கள்மீது இரக்கமே வருகிறது. இந்திய அரச குடும்பத்தாராக ஹாலிவுட் முகங்கள் உலவுவதும் ஒட்டவில்லை. இரு நாட்டு ரசிகர்களையும் குறிவைத்த கூட்டு முயற்சி. திரைக்கதைக்குத்தான் யாரும் மெனக்கெடவில்லை.