மும்மொழிக் கல்லும் உலக முறைமையும்

சீனத்துக்கும் தமிழுலகுக்கும் இடையே நிலவிய தொடர்பு பட்டும் மிளகும் கைம்மாறிய வணிகத் தொடர்பு மட்டுமன்று. அயலாரை எவ்வாறு நடத்துவது என்னும் முறைமை பற்றிய தொடர்புமாகும். இதற்குச் சான்று பகர்வன இரு கல்வெட்டுகள்.

முதலாவது, சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. சக ஆண்டு 1203இல், அதாவது கி.பி. 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பார் செகசை கானின் ஆணை பெற்று, அவர் நலம் வேண்டி, அங்குச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என அது கூறுகின்றது. அயல்மண்ணில் தமிழர் வழிபாட்டுக்கு அரசாணை வேலியாய் நின்றது.

இரண்டாவது, இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பெற்று, கொழும்பு அருங்காட்சியகம் சேர்ந்த மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டு நாளிட்ட இக்கல்லை மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்தார். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமாகிய தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய நெறியின் இறைவனையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகள் மூவிடத்தும் ஏறத்தாழ ஒத்த அளவின. அவரவர் மொழியில் அவரவர் இறைவனை வணங்கிய இப்பண்பு போற்றத்தக்கதே.

ஆயின் சின்னாட்களில் இலங்கை ஆட்சியாளன் அழகக்கோனாருக்கும் செங் ஹேக்கும் போர் மூண்டது. சிறைப்பட்ட அவன் 1411இல் மிங் அவைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். பேரரசர் அவனை மன்னித்து விடுவித்தார். எனினும் அவனிடத்தில் வேறொருவரை அமர்த்த ஆணையிட்டார் என்பது சீனக் குறிப்பு. கல்லில் மதிக்கப்பட்ட நாடு, அவையில் தன் அரசனைத் தானே தேரும் உரிமையை இழந்தது.

இம்முரணுக்குக் காரணம் யாது? கன்பூசிய மரபு 'லி' எனப் போற்றுவது சடங்கும் ஒழுங்கும் இணைந்த முறைமை. அதில் பேரரசர் உச்சியிலும் பிறர் படிப்படியாகக் கீழும் அமைவர். மேலோர் வழங்குவது அருள்; அவரைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டம் அதில் இல்லை.

1945இல் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் பட்டயம், நாடுகள் யாவும் இறைமையில் சமம் என்றது. சீனம் உள்ளிட்ட ஐந்து மொழிப் பாடங்களும் அதில் சமமதிப்புடையன. ஆயினும் பாதுகாப்பு மன்றத்தில் சீனம் முதலான ஐந்து வல்லரசுகளுக்கு மட்டும் மறுப்புரிமை உண்டு. காலிக் கல் எழுப்பிய வினா இன்றும் முழுதும் தீர்ந்திலது.

பிறர் மொழியை மதித்தல் முதற்படி. வலியோனும் சட்டத்துக்கு அடங்குதலே நிறைவு. தமிழில் 'முறை' என்னும் ஒரு சொல் வழக்கத்தையும் நீதியையும் சேர்த்தே குறிக்கின்றது. சொல்லைப் பேணும் கவிஞர்க்கு அவ்விரு பொருளையும் பிரியாது காப்பது கடனாம்.