கணைக்கால் முறிவும் ஆறு மணி நேரமும்: ஒரு சிறு வரலாறு

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தால் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, நாட்டு வைத்தியரிடம் கட்டு போடுவது அல்லது ஆந்திராவில் உள்ள புத்தூருக்கு வண்டி பிடிப்பது. மற்றொன்று, மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய் 'பிளேட் வைப்பது'. இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்துள்ளன. ஒவ்வொரு அறையைச் சுற்றியும் விரிந்து கொடுக்காத உறை இருக்கிறது. எலும்பு முறிந்ததும் உள்ளே ரத்தம் கசிகிறது, தசை வீங்குகிறது. உறை விரியாததால் அழுத்தம் ஏறி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சுமார் ஆறு மணி நேரம் இப்படியே நீடித்தால் தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. பெரும்பாலும் நாடி கடைசி வரை துடித்துக்கொண்டுதான் இருக்கும்!

இதை உலகுக்கு விளக்கியவர் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன். இறுக்கமான கட்டுக்குப் பிறகு கை, கால்கள் சுருங்கி விறைப்பதைப் பற்றி அவர் 1881-ல் எழுதினார். புத்தூர் கட்டு தொடங்கியதும் அதே 1881-ல்தான் என்று சொல்லப்படுகிறது. வரலாற்றின் விசித்திரம்!

பிளேட்டின் கதை ஐந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. 1886-ல் ஹாம்பர்க் நகரின் ஹான்ஸ்மன், உலோகத் தகட்டை எலும்பில் திருகிப் பொருத்தியது பற்றி எழுதினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் தகடுகளைப் பரப்பினார். ஆனால் அக்காலத் தகடுகள் உடலுக்குள் அரித்துப் போயின. 1958-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. என்ற மருத்துவர் குழுதான் தகடு, திருகு, கருவி அனைத்துக்கும் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. இன்று கணைக்கால் எலும்பின் நடுப்பகுதி முறிந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி செலுத்துகிறார்கள். முழங்காலையோ கணுக்காலையோ ஒட்டி முறிந்தால்தான் பிளேட்.

இங்குதான் நேரக் கணக்கு வருகிறது. வீங்கிய காலில் அவசரமாகப் பிளேட் வைத்துத் தோலை இழுத்துத் தைத்தால் ஆபத்து கூடும். அதனால் கடுமையான முறிவுகளில் முதலில் வெளியே கம்பிச் சட்டம் பூட்டி, வீக்கம் வடிந்த பிறகே பிளேட் வைக்கிறார்கள். அழுத்தம் ஏறிவிட்டாலோ பொறுத்திருக்க முடியாது. உறையை நீளமாகக் கீறித் திறந்துவிடுவதே ஒரே வழி. எப்போது கீறுவது? ரத்த அழுத்தத்தின் கீழ் அளவுக்கும் அறையின் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 30 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் கீற வேண்டும் என்று எடின்பரோ மருத்துவர்கள் 1996-ல் எழுதினார்கள்.

தமிழ்நாட்டின் பங்கும் சிறியதல்ல. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் கணைக்கால் முறிவில் காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்பதை மதிப்பெண் போட்டு முடிவு செய்யும் முறையை கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் 2006-ல் வெளியிட்டனர். 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் காலை எடுப்பதே நல்லது. இடையில் உள்ளவை மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை. தோல் கிழிந்துவிட்டதால் அழுத்தம் வெளியேறிவிடும் என்று நினைப்பதும் தவறு. அப்படிப்பட்ட காலிலும் தசை அறைகள் இறுகலாம்.

கரிசல் காட்டுக்கு இந்த வரலாறு எதற்கு? அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கே சுமார் 50 கிலோமீட்டர். புத்தூரோ ஓர் இரவுப் பயணம். ஆறு மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021-ல் வந்தது. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தூரம் குறைந்திருக்கிறது.

ஆனாலும் முதல் எச்சரிக்கையைத் தருவது வலிதான். மருந்துக்கு அடங்காத வலி, கால் விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகும் வலி, மரத்துப்போதல்... இவை தெரிந்தால், "எலும்பு ஒடிஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று இருந்துவிடக் கூடாது. யார் போட்ட கட்டாக இருந்தாலும் உடனே தளர்த்தச் செய்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு ஒட்ட மாதங்கள் இருக்கின்றன. தசைக்கு சில மணி நேரம்தான்.