கால்நட்டுக் கொட்டகை

கொட்டகை: நிலத்தில் நிறுத்திய கால்களின் மேல் விட்டமும் கைமரமும் ஏற்றி, கூரையின் பாரத்தைச் சுவருக்குக் கொடுக்காமல் கால்வழியே மண்ணுக்கு இறக்கும் கட்டடம். மாடு கட்டவும் ஏர், வண்டி, தீவனம் வைக்கவும் தமிழகக் குடியானவர்கள் தாங்களே கட்டிக்கொண்டது. மேல்நாட்டு மரக்களஞ்சியங்கள் இதற்கு உறவுமுறை. இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் கிரெசிங் டெம்பிள் என்னுமிடத்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு பெருங்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. தமிழகத்தில் அவ்வளவு பெரிய கொட்டகைக்குத் தேவை எழவில்லை. நெல்லைக் குதிரிலும் சேரிலும் கொட்டினார்கள். வைக்கோலை வெட்டவெளியில் போராகப் போட்டார்கள். கொட்டகைக்கு மிஞ்சியவை மாடும் கலப்பையும் வண்டியும் கொஞ்சம் தீவனமும்தான். இங்கே தென்சென்னையின் வேளச்சேரி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த தொண்டைமண்டல ஊர் அது.

தொன்மை

தொண்டைமண்டலத்து ஊர்களைச் சுற்றிக்காட்டும் பெரும்பாணாற்றுப்படையில், உழவர் வீட்டு முற்றத்தில் ஊன்றிய முளைகளில் கன்றுகள் கட்டிக் கிடக்கின்றன. அருகே ஏணிக்கும் எட்டாத உயரத்தில் நெற்கூடு நிற்கிறது. நெடுநல்வாடையில் நட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசை குறித்து, கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். அது பாண்டியன் அரண்மனைக்காகச் செய்தது. ஆனால் முளையடித்துக் கயிறு கட்டும் வேலை அரண்மனைக்கும் தொழுவத்துக்கும் ஒன்றே.

கல்லுக்கு முன்னால் மரமே இருந்தது. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இக்கோயில் மும்மூர்த்திகளுக்கு ஆக்கப்பட்டது என்று பெருமை பேசுகிறது. அதற்கு முன் கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. வேளச்சேரிக்குத் தெற்கே 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று வழங்கும் ஒற்றைக்கல் கோயில், ஓலை வேய்ந்த குடிசையின் அச்சு. அதன் கூரை ஓரங்களின் வளைவு பாறையில் தானாக வரக்கூடியதன்று. பக்கத்திலுள்ள பீம ரதம் நீண்ட கொட்டகையின் வடிவம்: நீளவாட்டில் ஓடும் முகடு, இருபுறமும் சரியும் வளைந்த கூரை, கீழே வரிசையாகக் கால்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி கண்முன் கண்ட கட்டடத்தைத்தான் கல்லில் செதுக்கினான். இப்பழக்கம் எளிதில் விடவில்லை. பல நூற்றாண்டு கழித்து ஆவுடையார்கோவில் கொடுங்கைகளில் சட்டங்களையும் ஆணித் தலைகளையும்கூடக் கல்லிலேயே காட்டினார்கள். சிதம்பரத்துச் சிற்சபையோ பொற்கூரை வேய்ந்த பின்னும் மரக்கட்டடமாகவே இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வேளச்சேரி, தினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயர் பெற்ற வெளிச்சேரி. தண்டீசுவரர் கோயிலும் செல்லியம்மன் கோயிலும் அக்காலத்தைச் சொல்கின்றன. ஒரு நந்தாவிளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடு விடுவது சோழர் காலக் கோயில்களின் வழக்கம். ஆட்டின் எண்ணிக்கை கல்லில் இருக்கிறது. அவற்றை அடைத்த கொட்டகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மரத்தையும் ஓலையையும் யாரும் பதிந்து வைக்கவில்லை, கரையானும் மிச்சம் விடவில்லை.

வகைகள்

கூரையைக் கொண்டு ஒற்றைச் சாய்ப்பு, இரட்டைச் சாய்ப்பு, நாற்சாய்ப்பு என்று பிரிப்பவர்கள் உண்டு. அது வெளித்தோற்றம் மட்டுமே. காலின் அடி எப்படி நிற்கிறது என்பதே சரியான பிரிவு.

நட்டகால் என்பது குழி வெட்டி நிறுத்தி, சல்லி போட்டுக் கிட்டித்தது. மண்ணே காலைப் பிடித்துக்கொள்வதால் குறுக்கு முட்டு இல்லாமலும் நிற்கும். கேடு தரைமட்டத்தில்தான். காற்றும் ஈரமும் சேரும் அந்த ஒரு சாண் உயரத்தில் மரம் முதலில் உளுக்கும். மேலேயும் கீழேயும் வைரமாக இருக்க, நடுவில் கத்தி இறங்கும். சப்பானின் இசே கோயிலில் இப்படி நட்ட கால்களே உள்ளன. அவர்கள் 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டிக்கொள்கிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013இல்.

கல்கால் என்பது தரைக்குமேல் ஒரு முழமாவது எழும்பிய கருங்கல்லில் நிற்பது. ஈரம் ஏறாது, கரையான் ஏறினால் மண்தடம் கண்ணில் படும். ஆனால் கல்லின்மேல் நிற்கும் கால் எந்தப் பக்கமும் சாயும். மூலைக்கு மூலை சாய்முட்டு கொடுத்தே தீரவேண்டும். வேளச்சேரி போன்ற ஏரிக்களி மண்ணுக்கு இதுவே உகந்தது. களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்; நட்டகாலை அது ஆண்டுதோறும் ஆட்டிப் பார்க்கும். மூன்றாவது வகை, காலையே கருங்கல்லாக நிறுத்துவது. பாறை உள்ள ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது கட்டுபடியாகும்.

மரமும் இணைப்பும்

விட்டத்துக்கும் கைமரத்துக்கும் வைரம் பாய்ந்த பனைக்கு ஈடில்லை. பனையில் வைரம் வெளிப்புறத்தில்; உள்ளே சோறு. அதனால் பனையை நீளவாட்டில் பிளந்து, உட்சோற்றைச் சீவி எறிந்து, வெளிப்பகுதியைச் சட்டமாக எடுப்பார்கள். முதிராத மரத்தில் சீவியபின் ஒன்றும் தேறாது. கால்களுக்கு வேம்பு, கருவேலம், பூவரசு. சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரை மணலில் விறகுக்காகப் பயிரானது. நேராக வளர்வதால் ஏழைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

காலும் விட்டமும் சேர்வது மூன்று விதம். இயற்கையாகக் கவைத்த கிளையில் விட்டத்தை உட்காரவைத்துக் கயிற்றால் இறுக்குவது எளியது. கவை இல்லாத இடத்தில் காலின் தலையில் வாச்சியால் அரைவட்டப் பள்ளம் எடுப்பார்கள். தச்சர் வேலையென்றால் தலையைக் கழுந்தாகச் சீவி, விட்டத்தில் உளியால் எடுத்த துளையில் இறக்கி, மரமுளை அடிப்பார்கள். ஆணி எளிதுதான். ஆனால் மாட்டு மூத்திரத்தின் காரத்தில் இரும்பு அரித்துப்போகும்.

தாமே கட்டும் முறை

12 அடி அகலம், 16 அடி நீளம் தொடங்குபவர்களுக்கு வசதியான அளவு. மூலைவிட்டம் சரியாக 20 அடி வரும். நான்கு முளை அடித்து, பக்க அளவு மாறாமல் இரு மூலைவிட்டமும் 20 அடி காட்டும்வரை முளையை நகர்த்தினால் மூலைமட்டமே தேவையில்லை. இதைப் பொருட்படுத்தாமல் கண்ணால் பார்த்து நட்டவர்கள் கூரை ஏற்றும்போது வருந்துவார்கள். முகடு ஒருபுறம் இழுக்கும். இந்தியத் தர அளவுப்படி பசுவுக்கு 3.5, எருமைக்கு 4 சதுர மீட்டர் கூரைநிழல் வேண்டும். மேற்சொன்ன கொட்டகையில் ஐந்து பசு நிற்கலாம்.

பக்கத்துக்கு மூன்றாக எட்டடி இடைவெளியில் ஆறு கால்கள். முகட்டுக்கு நடுவரிசையில் மூன்று உயரக்கால்கள். முதலில் மூலைக்கால் நான்கையும் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, அவற்றின் தலையில் நூல் பிடித்து மற்றவற்றைச் சமன் செய்வது முறை. பக்கக்கால் தரைக்குமேல் 6 அடி என்றால் முகடு 12 அடி. சாய்வு 45 பாகை. தென்னங்கீற்றுக்கு அவ்வளவு சரிவு வேண்டும். குறைந்தால் நீர் தங்கி அழுகும். கைமரம் இறவாணத்தோடு சேர்த்து 10 அடி. வரிச்சைக் கீழிருந்து மேலாகக் கட்டி, கீற்றையும் இறவாணத்திலிருந்து முகடு நோக்கி வேய்வார்கள். கீற்று இரண்டு மூன்று ஆண்டு தாங்கும், பனையோலை இன்னும் கூடுதலாக. தரையில் கழிநீர் ஓடும் வாட்டம் விட வேண்டும்.

பாரத்தைவிடக் காற்றே பெரும்பகை. இந்தியக் காற்றுவிதி சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படை வேகம் குறிக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். சுவரில்லாத கொட்டகைக்குள் புகும் காற்று கூரையை மேலே தூக்கும். எனவே கைமரத்தை விட்டத்தோடும், விட்டத்தைக் காலோடும், கல்கால் என்றால் காலை அடிக்கல்லோடும் கட்டவேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் நகரத்தின் கூரைகளுக்கு இதை நினைவூட்டியது.

இன்றைய நிலை

2004 சூலை 16இல் 94 குழந்தைகளைக் கொன்ற கும்பகோணம் பள்ளித் தீ கீற்றுக்கூரைக்குக் கெட்ட பெயர் தந்தது. பள்ளிகளில் அது விலக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஊர்ப்புறத்தில் 100 நாள் வேலைத்திட்டத்தில் தகரக்கூரை மாட்டுக்கொட்டகைகள் கட்டப்பட்டன. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய மரவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். வேளச்சேரியில் ஏரியின் பெரும்பகுதியும் வயலும் மனைகளாகிவிட்டன. பறக்கும் ரயில் 2007இல் வந்தது. மொட்டைமாடிகளில் சவுக்குக்கால் கீற்றுக்கொட்டகைகள் சில உண்டு.