கப்போயிராவைக் கற்பித்தவர் யார்? டெஷ்-ஓபியின் எங்கோலோ வாதம் பற்றி

பிரேசிலின் சண்டையாட்டமான கப்போயிராவுக்கு வேர் தேடுவோர் பலர் இன்று டி. ஜே. டெஷ்-ஓபியின் 2008ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்குகிறார்கள். தென் அங்கோலாவில் குனேனே ஆற்றுப் பகுதியில் வழங்கிய எங்கோலோ என்ற உதைச்சண்டையே அடிமைகளோடு கடல் கடந்தது என்பது அவர் முடிவு. அதுவே பிரேசிலில் கப்போயிராவாகவும் மார்த்தினிக்கில் லாஜாவாகவும் நிலைத்ததாம். கையூன்றித் தலைகீழாக உதைக்கும் முறையை, கலுங்கா என்ற நீரெல்லைக்கு அப்பால் முன்னோர் தலைகீழாக வாழ்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு இணைக்கிறார். அவருடைய களப்பணி பெரிது, ஐயமில்லை. ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமானால், அந்த உதைகளைத் தலைமுறை தலைமுறையாக யாரோ கற்பித்திருக்க வேண்டும். அதற்கான சான்று மெலிந்திருக்கிறது.

முதலில் அங்கோலாப் பக்கம். பூப்பு விழாவில் இளைஞர்கள் வரிக்குதிரைபோல் துள்ளி உதைத்து ஆடுவார்கள், வென்றவன் பரிசம் தராமலே பெண் கொள்வான் என்ற செய்தியைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தவர் ஓவியர் அல்பானோ நெவெஸ் இ சோசா. அதை நாட்டாரியலர் கமாரா காஸ்குடோ 1967இல் அச்சேற்றினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் எங்கோலோவைக் கண்டு எழுதியவர் எவரையும் இதுவரை யாரும் காட்டவில்லை. பின்னாளைய வாய்மொழியைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டை நிரப்புவது பெரிய தாவல்.

பிரேசில் பக்கத்தில் நாம் நின்று பார்க்க வேண்டியது ஓவியர் ருகெண்டாஸின் கல்லச்சுப் படம். 1822 முதல் 1825 வரை பிரேசிலில் இருந்தவர் அவர். அந்தப் படம் உள்ள அவர் நூல் 1835இல் முழுமையாக வெளிவந்தது. இருவர் முட்டி மடக்கி எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் முழவின்மேல் கால் பரப்பி உட்கார்ந்து தட்டுகிறார். சுற்றி நிற்போர் பார்க்கிறார்கள். பெரிம்பாவ் என்ற வில்லிசைக் கருவி இல்லை. படத்தைவிட அதற்கு அவர் எழுதிய குறிப்பே முக்கியம். ஆடுகள்போல் பாய்ந்து எதிராளியின் மார்பில் தலையால் முட்டி வீழ்த்துவதும், பக்கவாட்டில் துள்ளித் தப்புவதும் அதில் உண்டு. விளையாட்டு வினையாகிக் கத்தி எடுப்பதும் உண்டு. காலால் உதைப்பது பற்றி ஒரு சொல் இல்லை. உதையே உயிர்நாடி என்றால், கண்டெழுதியவர் அதை விட்டிருப்பாரா?

எதிர்ச்சான்றும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ரியோவில் இருந்த அகஸ்டஸ் ஏர்ல் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தில் ஒருவன் தெளிவாகவே காலை வீசுகிறான். காவலன் ஒருவன் வேலி தாண்டி வருகிறான். அதன் ஆண்டு உறுதியில்லை: 1821 என்றும் 1824 என்றும் சொல்கிறார்கள். ஆகவே ரியோவில் உதை இருந்தது. தலைமுட்டும் உதையும் ஒரே ஆட்டத்தின் இரு பகுதிகளா, தனித்தனியாக வந்து பின்னர் கலந்தவையா என்பதை இவ்விரு ஓவியர்களின் சான்றுகளை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஏனெனில் அங்கோலாவின் பெங்கேலாத் துறைமுகத்து அடிமைகள் பெரும்பாலும் ரியோவுக்கே போனார்கள். பிரேசிலின் மற்றொரு நகரான சால்வடோரின் அடிமை வணிகமோ 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் பெனின் வளைகுடாவோடு இருந்தது. ஆனால் இன்று நாம் பயிலும் ஆட்டம் வந்தது சால்வடோரிலிருந்து.

கற்பித்தலுக்கு நேர்ச்சான்று மிகப் பின்னால்தான் கிடைக்கிறது. 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கப்போயிரா ஆடியவருக்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறை விதித்தது. யார் யாருக்குக் கற்பித்தார் என்று எழுதி வைக்க யார் துணிவார்? 1889இல் பிறந்த கப்போயிரா ஆசான் பாஸ்தீன்யா, சிறுவயதில் தன்னைவிடப் பெரிய பையனிடம் அடிபட்டபோது பெனடிடோ என்ற ஆப்பிரிக்க முதியவர் தனக்குக் கற்றுத்தந்ததாக முதுமையில் சொன்னார். டெஷ்-ஓபியின் பக்கம் சாயும் சாட்சியம் இதுவே. ஆனால் அது ஒரு முதியவரின் நினைவு. அடவுகள் எவை என்ற விவரம் அதில் இல்லை. மற்றவர்கள் தெருவட்டத்தில் பார்த்துப் பழகினார்கள். மற்றோர் ஆசானான பிம்பாதான் புதியவரின் இரு கைகளையும் பிடித்துச் சுவடு போடவைத்து, எட்டுத் தொடர்களாகப் பாடத்தை வகுத்தார். அவர் பள்ளி 1937இல் அரசுப் பதிவு பெற்றது. பாஸ்தீன்யாவின் பள்ளி 1941இல் எழுந்தது.

எங்கோலோவை மறுப்பது என் நோக்கமன்று. அது கப்போயிராவின் உறவுகளில் ஒன்றாக இருக்கலாம். தாய் என்று சொல்ல, அங்கோலாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றாவது வர வேண்டும்.