ஊவா மாகாணத்தில் வனவிலங்குகளும் தானியங்கிக் கருவிகளும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் காட்டு விலங்குகளைக் கண்காணிக்கவும், வயலுக்குள் வராமல் தடுக்கவும், மனிதருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரவும் உதவும் கருவிகளைப் பற்றியது இக்கட்டுரை. சூரிய மின்வேலி, செய்மதிக் கழுத்துப்பட்டி, தானியங்கி நிழற்படக் கருவி ஆகிய மூன்றும் இவற்றில் முதன்மையானவை.

பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்கள் சேர்ந்தது ஊவா. பண்டாரவளை, அப்புத்தளை போன்ற தேயிலை மலைகளில் யானைத் தொல்லை கிடையாது. அங்கே பேச்செல்லாம் சிறுத்தையும் காட்டுப்பன்றியும்தான். மலையிறங்கி மகியங்கனை, புத்தல, வெல்லவாய, தனமல்வில என்று போனால் யானையோடுதான் குடித்தனம். மாகாணத்தின் உள்ளும் எல்லையிலும் கல் ஓயா (1954), உடவளவை (1972), மாதுரு ஓயா (1983), லுணுகம்வெகர (1995) ஆகிய தேசிய பூங்காக்கள் இருக்கின்றன. பூங்காக்களுக்கு இடையில் நெல்வயல், சேனைப் பயிர், பெல்வத்தைக் கரும்பு. கரும்பின் வாசனைக்கு யானை எத்தனை தொலைவும் வரும்.

மின்வேலி

சூரியப் பலகை மின்கலத்தை நிரப்புகிறது. அதிலிருந்து இயங்கும் கருவி ஏறத்தாழ நொடிக்கொரு முறை, பல ஆயிரம் வோல்ட் அழுத்தமுள்ள துடிப்பைக் கம்பியில் செலுத்துகிறது. துடிப்பு மிகக் குறுகியது என்பதால் யானைக்கு வலிக்கும், உயிர் போகாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுவது முற்றிலும் வேறு காரியம். சட்டம் தடுத்துள்ள அந்தச் செயலால் யானைகளும் சாகின்றன, மனிதரும் சாகிறார்கள்.

கம்பியில்தான் மின்சாரம், மரத்தூணில் இல்லை என்பதை யானைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றன. காலால் தூணைச் சாய்க்கின்றன. கட்டையைத் தூக்கிக் கம்பிமேல் போடுகின்றன. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் நிலத்துக்கு இறங்கி வேலி வலுவிழக்கும். ஆகவே மின்வேலி தானாக இயங்கும் கருவி என்றாலும் தானாகப் பிழைப்பதில்லை. நாள்தோறும் அதன் ஓரமாக நடந்து, புல் வெட்டி, தூண் நிமிர்த்தி வைக்க ஓர் ஆள் இருக்கும்வரைதான் அது வேலி.

அதைவிடப் பெரிய பிழை, வேலி போட்ட இடம். நாட்டின் பல வேலிகள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலம் முடியும் கோட்டில் போடப்பட்டன. அந்தக் கோட்டுக்கு வெளியே வனத் திணைக்களத்தின் காடு தொடர்கிறது. அங்கும் யானைகள் இருக்கின்றன. இப்படிப் போட்ட வேலி யானைக் கூட்டங்களைப் பிரித்ததே தவிர ஊரைக் காக்கவில்லை.

கழுத்துப்பட்டி சொன்னது

இந்தப் பிழையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது செய்மதிக் கழுத்துப்பட்டி. பட்டியணிந்த யானை எங்கெங்கே போகிறது என்பதைக் கருவி குறித்த இடைவெளியில் பதிந்து அனுப்பும். யானையை இடம்பெயர்ப்பதும் பயன் தராது என்பதை அதே பட்டி காட்டியது. யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் இடம்பெயர்த்து விடப்பட்ட 12 ஆண் யானைகளை இவ்வாறு தொடர்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூங்காக்களில் விடப்பட்ட யானைகளில் சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில திக்குத் தெரியாமல் அலைந்தன. தொல்லை குறையவில்லை, புதிய ஊர்களுக்குப் பரவியது, யானைச் சாவும் கூடியது. “பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுங்கள்” என்று ஊர்மக்கள் கேட்பது இயல்பு. ஆனால் அது தீர்வல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலங்கை யானைகளில் பெரும்பகுதி பூங்காக்களுக்கு வெளியே, மனிதர் வாழும் நிலத்திலேயே நடமாடுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் வகுத்த தேசிய செயற்றிட்டம், வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடச் சொல்கிறது. வயல் வேலியைப் போகம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பராமரிப்பு விவசாயிகளின் கையில் இருக்கும்.

தேயிலை மலைகளில்

தோட்டங்களில் வேண்டியது வேறு. தானியங்கி நிழற்படக் கருவி, எதிரே அசையும் உடலின் சூட்டை உணர்ந்து படமெடுக்கும். ஒரு சிறுத்தையின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இராது. எனவே படத்தைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் காட்டுத் துண்டுகள் வழியாகச் சிறுத்தைகள் நடமாடுவதை இக்கருவிகள் உறுதிப்படுத்தின.

ஸ்ரீபாத மலைப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை நடமாடியதையும் இத்தகைய கருவிதான் காட்டியது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுவந்து சிகிச்சை அளித்தார்கள், பிழைக்கவில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பி எது வந்தாலும் இறுக்கும். கருவி படம்பிடித்துத் தரலாம்; கம்பியை அகற்றுவது தோட்டத்தாரின் வேலை.

வால்பாறை முன்மாதிரி

ஊவாத் தோட்டங்களுக்கு மிக நெருங்கிய பாடம் தமிழ்நாட்டின் வால்பாறையில் இருக்கிறது. அதே தேயிலை, அதே லயக் குடியிருப்பு, அதே தமிழ். 220 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தில், ஆனந்தகுமார் முன்னின்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2011 முதல் யானை நிற்கும் இடத்தைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பியது. வாசிக்க இயலாதோருக்குக் குரல் அழைப்பு. யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளைக் கைத்தொலைபேசியிலிருந்தே இயக்கலாம். விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மக்கள் அந்தி வேளையில் வீடு திரும்பலாம். உயிரிழப்பு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

தமிழ்நாட்டிலேயே கோவை மதுக்கரையில் 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கமராக்கள் தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டு ரயில்களுக்கு எச்சரிக்கை தருகின்றன. 2025 பெப்ரவரி 20 அன்று ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்த இலங்கைக்கு இது அவசரத் தேவை.

ஊவாவில் கருவி வாங்கும் எந்தத் திட்டத்திலும், வேலி காக்கும் ஆளின் சம்பளத்தையும், சிங்களக் கிராமத்துக்கும் தமிழ்த் தோட்டத்துக்கும் அவரவர் மொழியில் எச்சரிக்கை அனுப்பும் செலவையும் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.