கல்லடைப்பும் தண்ணீர்க் குடமும்

நோய்களுக்கும் சரித்திரம் உண்டு. அரசர் முடிசூடியதும் போர் செய்ததும் ஏட்டில் ஏறின. குடிகள் எந்த நோயால் வருந்தினர், அவ்வருத்தத்தில் அவர்க்குத் துணை நின்றவர் யார் என்பன பெரும்பாலும் ஏறவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்லடைப்பு. இந்நோய் ஒருவர் உடம்பில் தோன்றினும் அதனைத் தாங்குவோர் எப்போதும் இருவர். நள்ளிரவில் விலாவைப் பிடித்துக்கொண்டு, நிற்கவும் இருக்கவும் படுக்கவும் மாட்டாமல் துடிப்பவர் ஒருவர். விளக்கை ஏற்றி, ஒத்தடம் கொடுத்து, வாகனத்திற்கு ஆளனுப்பி, விடியுமட்டும் கண்விழித்திருக்கும் கணவனோ மனைவியோ மற்றவர். அந்த மற்றவரையும் மனத்திற்கொண்டு, நமது வன்னி நாட்டில் நின்று இச்சரித்திரத்தை நோக்குவோம்.

கல்லடைப்பு மிகப் பழைய நோய். வடமொழி வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இதனை அசுமரி என்று கூறி, கல்லை அறுத்தெடுக்கும் முறையையும் விளக்குகின்றது. ஆயினும் அறுவையை அந்நூல் கடைசி வழியாகவே கொள்கின்றது. அரசனுடைய அனுமதி பெற்றே வைத்தியன் கத்தியைத் தொடவேண்டும் என்கின்றது. கிரேக்க தேசத்தில் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் வைத்தியர் சத்தியமும், கல்லுக்காகக் கத்தி எடேன் என்று உறுதி கூறச் செய்கின்றது. இரு தேசத்துப் பெரியோரும் இவ்வளவு அஞ்சியதிலிருந்து அக்காலத்து அறுவையின் ஆபத்தை நாம் உணரலாம்.

ஆதலின் கிராமத்து மக்கள் நம்பியிருந்தது பச்சிலையையே. தமிழ் வைத்தியர் சிறுபீளையையும் நெருஞ்சிலையும் மாவிலங்கப் பட்டையையும் கல்லடைப்புக்கு வழங்கினர். சிறுபீளையை நம் நாட்டிற் பலர் தேங்காய்ப்பூக்கீரை என்று அறிவர். பரியாரியார் சொல்லிய மூலிகையைத் தேடிப் பறித்து, சட்டியில் நீர்விட்டு, எட்டிலொன்றாய்க் குறுக வற்றவைத்து, வேளை தவறாமற் கொடுத்தவர் வீட்டிலிருந்த துணைவரே.

பதினேழாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இங்கே நினைக்கத்தக்கன. முதலாவது ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கொல்லன் ஜான் டி டூட் என்பவனுடையது. சலப்பையிற் கல் தோன்றி இருமுறை அறுவை செய்துகொண்ட இவனுக்கு, மூன்றாம் முறையும் கல் வந்தது. 1651இல் அவன் தானே ஒரு கத்தியைச் செய்து, மனைவியை மீன் சந்தைக்கு அனுப்பிவிட்டு, தன் கல்லைத் தானே அறுத்தெடுத்தான். அந்நகரத்து வைத்தியர் நிக்கோலாஸ் துல்ப் இதனைத் தம் நூலில் எழுதிவைத்தார். கொல்லனுடைய துணிவை உலகம் வியந்தது. சந்தையிலிருந்து மீண்டுவந்த அவன் மனைவி என்ன பாடுபட்டாளோ, அதனை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது இலண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்சு என்பவருடையது. நாட்குறிப்பினாற் புகழ்பெற்ற இவர் 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் கல்லை அறுத்தெடுக்கச் செய்து உயிர்தப்பினார். அவ்வாண்டில்தான் ஒல்லாந்தர் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். பிழைத்த நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாட உறுதி பூண்டார் பீப்சு. ஆனால் 1703இல் அவர் இறந்தபின் உடலை அறுத்து நோக்கியபோது இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன. கத்தி ஒரு கல்லை அகற்றியது; கல்லை விளைவிக்கும் காரணத்தை அஃது அகற்றவில்லை. கொல்லனுக்கும் கனவானுக்கும் நேர்ந்த இவ்வொன்றே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

பின்வந்த காலத்திற் கருவிகள் வளர்ந்தன. 1824இல் பாரிசு நகரத்துச் சிவியால் என்னும் வைத்தியர், வயிற்றைக் கீறாமலே சிறுநீர்த் துவாரத்தின் வழி கருவியைச் செலுத்திச் சலப்பைக் கல்லை நொறுக்கினார். நமது நாட்டிலே 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். சத்திர வைத்தியத்தை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் தமிழ் நூலாக்கித் தந்தவரும் அவரே. 1895இல் றோன்ட்கன் கண்ட ஊடுகதிர், உடம்புக்குள் மறைந்திருந்த கல்லைக் கண்ணுக்குக் காட்டியது. 1980 பெப்ருவரியில் மியூனிக் நகரில், உடம்பைத் தொடாது வெளியிலிருந்து அதிர்ச்சி அலையைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை முதன்முதலாக ஒரு மனிதர்க்குச் செய்யப்பட்டது. அரசன் அனுமதி கேட்ட அறுவை, நோயாளி மறுநாளே வீடு திரும்பும் சிகிச்சையாயிற்று.

எனினும் ஒன்று மாறவில்லை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் பத்தாண்டுக்குள் அது மீண்டும் வருகின்றது. ஆஸ்பத்திரி கல்லை எடுத்துத் தரும். அது திரும்பாமற் காக்கும் பொறுப்பு வீட்டையே சாரும்.

கல் எவ்வாறு உண்டாகின்றது? வன்னியில் வாழ்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் சிறுகுளம் வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் குறையக் குறைய அதிற் கரைந்திருந்த உப்பு மிகுந்து, கடைசியிற் சேற்றின்மேல் வெள்ளையாய்ப் பூக்கும். சிறுநீரகத்திலும் இதுவே நிகழ்கின்றது. வியர்வையாக நீர் போய், குடிக்கும் நீரும் குறைந்தால், சிறுநீரிற் கரைந்துள்ள கல்சியம், ஒட்சலேற்று, யூரிக்கமிலம் முதலியன செறிந்து பளிங்காகி, பளிங்கு பளிங்கோடு சேர்ந்து கல்லாகின்றது. குளத்தில் நீரைக் கட்டி வைத்தல் நாட்டுக்கு வாழ்வு. உடம்பிலோ துருசு எப்போதும் திறந்து நீர் ஓடிக்கொண்டிருத்தலே வாழ்வு.

‘எங்கள் கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீர், அதனாலேதான் கல்’ என்பது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கொதிக்கவைத்த கேத்தலில் வெள்ளைப் படை ஒட்டுவதைக் காண்பவர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆனால் நீரின் கடினத்தன்மைதான் கல்லுக்குக் காரணம் என்று ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தவில்லை. குடித்த நீரின் தன்மையினும் குடியாத நீரின் அளவே பெருங்குற்றவாளி. கிணற்றைப் பழித்து நீரைக் குறைப்பவர் கல்லை அழைப்பவராவார். வவுனியாப் பகுதியிலும் வட மத்திய மாகாணத்திலும் 1990களிலிருந்து கவலை தருகின்ற, காரணம் முற்றும் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, கல்லடைப்பு வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் ஆகாது.

வன்னியின் சரித்திரமே தண்ணீரின் சரித்திரம். மாரியிற் பெய்ததைக் குளத்தில் தேக்கிக் கோடையைக் கழித்த நாடு இது. 1930களில் இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் நிலமற்றிருந்த குடும்பங்கள் காடு வெட்டிக் கழனியாக்கின. சிறுபோகக் காலத்தில் உச்சி வெயிலிலே வயலில் நிற்பவன், வாய்க்காலில் நீர் ஓடக் கண்டும் தன் தாகத்தை மறந்திருப்பான். பின்னர்ப் போர் வந்தது. 1996இல் கிளிநொச்சி நகரத்தார் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். 2009இல் வன்னி மக்களில் இரண்டரை இலட்சம் பேரளவில் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தபோது, தண்ணீர் வாளிக் கணக்கில் வரிசைநின்று பெறும் பொருளாயிற்று. மலசலகூடத்துக்குப் போக வரிசையிலே காத்திருக்க வேண்டும், இருளிற் போக அஞ்சவேண்டும் என்பதனால், நீரைக் குடியாமலே இருக்கப் பெண்கள் பழகிக்கொள்வதை இத்தகைய இடங்களில் எங்கும் காணலாம். முகாம் கலைந்தாலும் பழக்கம் எளிதிற் கலைவதில்லை.

உணவைப் பற்றிய எண்ணமும் பல திருப்பங்களைக் கண்டது. 1920களில் நீலகிரிக் குன்னூரில் ஆராய்ந்த றொபேட் மக்கரிசன், சத்துக் குறைந்த உணவை உண்ட எலிகளின் சலப்பையிற் கல் தோன்றுவதையும், பால் சேர்த்தபோது அது தடைபடுவதையும் கண்டார். பின்னாளில், சிறுநீரகக் கல்லிற் பெரும்பாலும் இருப்பது கல்சியமே என்பதனால், பாலையும் தயிரையும் விலக்குமாறு பல வைத்தியர்கள் விதித்தனர். 1993இல் அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆராய்ச்சி இதனைப் புரட்டியது: உணவிற் கல்சியம் மிகுதியாக உண்டவர்க்கே கல் குறைவு. 2002இல் இத்தாலியின் பார்மா நகரத்து அறிஞர், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆடவரை இரு கூறாக்கி ஐந்தாண்டு நோக்கினர். கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேர்க்குக் கல் மீண்டது; கல்சியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் மாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேர்க்கே மீண்டது. உணவோடு சேரும் பால் கல்சியம் ஒட்சலேற்றைக் குடலிலேயே பற்றிக்கொண்டு வெளியேற்றுகின்றது. உப்போ சிறுநீரிற் கல்சியத்தை மிகுவிக்கின்றது. ஆகவே அஞ்சவேண்டியது தயிர்ச் சட்டியையன்று; கருவாட்டையும் ஊறுகாயையும் உப்புக் கரண்டியையுமே.

அதே பார்மா நகரத்தார் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி தண்ணீரின் வலிமையைக் காட்டியது. முதன்முறை கல் வந்த 199 பேரில், நாள்தோறும் இரண்டு லீற்றருக்குக் குறையாமற் சிறுநீர் போகுமளவு நீர் பருகியவர்களில் ஐந்தாண்டுக்குள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கே கல் திரும்பியது. பழையபடி இருந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தெழுவர்க்குத் திரும்பியது. விலைகொடுத்து வாங்காத மருந்தொன்று இவ்வளவு செய்தல் வியப்பன்றோ!

இனித் துணைவர் செய்யவேண்டியதைக் கூறுவோம். நோவு எழுந்த இரவில் மனங்கலங்காது இருத்தல் முதற் கடமை. வெந்நீர் ஒத்தடம் ஆறுதல் தரும். துடிப்பவரைப் பெருவாரியாக நீர் குடிக்கச் சொல்லி வற்புறுத்தலாகாது. அதனாற் கல் விழுந்துவிடாது, வாந்தியே மிகும். குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலும், சிறுநீர் அறவே நின்றாலும், வாந்தி ஓயாவிட்டாலும், நோயாளி கர்ப்பவதியாயினும், ஒற்றைச் சிறுநீரகமே உடையவராயினும் விடியலுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடைபட்ட நீரிற் கிருமி சேருமாயின் உயிருக்கே இடராகும். நோவு தணிந்த பின்னர்ச் சிறுநீரை மெல்லிய துணியில் வடித்து, விழும் கல்லைப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். எவ்வகைக் கல் என்று தெரிந்தால் அதற்கேற்ற தடுப்பும் தெரியும்.

பின்னர் வரும் நாட்களே நெடியவை. நோவு மறந்துபோகும், கட்டுப்பாடும் அதனோடு மறந்துபோகும். நாள்தோறும் இரண்டரை லீற்றர் அளவு சிறுநீர் போதல் நன்று. அளந்து பார்க்க இயலாதவர் நிறத்தைப் பார்க்கலாம்: வைக்கோல் நிறமாயின் நன்று, தேத்தண்ணீர் நிறமாயின் குறைவு. வயலுக்குப் போகும்போது மண்வெட்டியோடு தண்ணீர்ப் போத்தலும் போகட்டும். படுக்குமுன் ஒரு செம்பு நீர் குடித்தல் வேண்டும், இரவிலே நீர் செறிவதனால். சீனி சேராத தேசிக்காய்த் தண்ணீர் நல்லது; அதிலுள்ள சித்திரேற்று பளிங்கு சேர்வதைத் தடுக்கின்றது. இருதய நோயோ சிறுநீரகத் தளர்ச்சியோ உடையவர் மட்டும் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டே கொள்ளவேண்டும்.

மூலிகையில் நம்பிக்கையுடையோர்க்கு ஒரு சொல். இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றன அல்ல. பிலிம்பிக்காய்ச் சாற்றையும் காமரங்காய்ச் சாற்றையும் மருந்தென்று மிகுதியாகக் குடித்தவர்களின் சிறுநீரகம் ஒட்சலேற்றால் நிரம்பிச் செயலிழந்த செய்திகள் கேரளத்திலும் இலங்கையிலும் பதிவாகியுள்ளன. எந்தக் கஷாயமாயினும் வைத்தியருக்குத் தெரிவித்தே பருகுக.

இன்னொன்று. கல்லடைப்புக் கணவனுக்கு வந்தால் மனைவி செம்போடு பின்னாலே நடப்பாள். மனைவிக்கு வந்தால்? அடுப்படி வெக்கையில் நின்று, எல்லோர்க்கும் பரிமாறி, தான் குடித்தாளா என்று எவரும் கேளாத வீடுகள் நம்மிடையே பல. அவ்வீடுகளிற் கணவன் செய்யவேண்டிய வைத்தியம் பெரிதன்று: ஒரு செம்பு நீரை நிறைத்து அவள் கையிற் கொடுத்து, குடித்து முடியும்வரை அருகே நிற்றல், வீட்டுக்கு அண்மையில் அச்சமின்றிப் போகத்தக்க மலசலகூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தல்.

ஆம்ஸ்டர்டாம் கொல்லன் தன் மனைவியைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தனியே கல்லோடு போராடினான். நாம் அவ்வாறு செய்யவேண்டிய காலம் போய்விட்டது. கல்லை எடுக்க வல்லவர் ஆஸ்பத்திரியில் இருக்கின்றனர். அது மீளாமற் காக்க வல்லவர் வீட்டிலேயே இருக்கின்றார். இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் அவர் ஒரு செம்பில் நீர் நிறைத்து வைப்பாராக.