மலைத்தோட்ட மருந்துகளும் கடல்மீனின் வெண்புள்ளி நோயும்

கொழும்பிலிருந்து வெல்லவாய நோக்கிச் செல்லும் ஏ4 வீதியில், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஏறும் பாதை பிரியும் சந்தி பெரகல. கடற்கரையிலிருந்து வெகுதூரம். ஆனாலும் இங்கே ஒரு வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்து, மீனில் வெண்புள்ளி கண்டால், கையில் எடுக்கும் மருந்துகள் இந்த மலைகளுக்குப் புதியவை அல்ல. ஒன்று செம்பு. மற்றொன்று மலேரியா மருந்தான கொயினாவின் இடத்தைப் பிடித்த குளோரோகுயின். மருந்தை எந்த வேளையில் இட்டால் பலிக்கும் என்ற அறிவு இவ்விரண்டையும்விட முக்கியமானது. அந்தப் பாடத்தையும் ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றன. வெண்புள்ளி நோயின் வரலாற்றை இங்கிருந்து வாசிப்பது அதனால் பொருத்தமானது.

1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் முதலில் கண்ணில் பட்டது. இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி. சில ஆண்டுகளில் அது கோப்பி மலைகள் எங்கும் பரவியது. 1880இல் அரசு அழைப்பித்த ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வந்து ஒட்டும் வித்துகளைப் பிடித்துப் பார்த்தார். வித்து இலைமேல் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே போய்விட்டால், வெளியே எதைத் தூவினாலும் பயனில்லை என்று காட்டினார். நோய்க்காரணி வெளியில் இருக்கும் சிறு பொழுதில்தான் மருந்து அதைத் தொடும். கோப்பியை இந்த அறிவு காப்பாற்றவில்லை, தாமதமாகிவிட்டது. ஆயினும் ஒட்டுண்ணி நோய் ஆய்வில் இதைவிடப் பெறுமதியான சொத்து இந்த மலைகளிலிருந்து போனதாக எனக்குத் தெரியவில்லை.

கோப்பி விழுந்த இடத்தில் தேயிலைக்கு முன் சிங்கோனா நின்றது. 1861இல் ஹக்கலைப் பூங்காவில் நாற்றுகள் வளர்ந்தன. 1886 வாக்கில் இலங்கையின் பட்டை ஏற்றுமதி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தலைத் தொட்டது. விலை சரிந்ததும் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். அந்தப் பட்டையின் சாரமான கொயினா உப்புகளைப் பழைய மீன்வளர்ப்பாளர்கள் நன்னீர் மீனின் வெண்புள்ளிக்கும் இட்டு வந்தனர். 1934இல் ஜெர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்ட குளோரோகுயின், பின்னாளில் கடல்மீன் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

நன்னீரில் வெண்புள்ளி உண்டாக்கும் உயிரி வேறு, கடல்நீரில் வருவது வேறு. கடல் வகையை 1930களில் ஜப்பானில் சிகாமா விவரித்தார். 1951இல் லண்டனில் பிரவுன் அதற்குக் கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்று பெயரிட்டார். அது ஒற்றைச் செல் உயிரி. துடுப்பின் ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் உப்புப் பரல் போலத் தெரிவது, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று வளரும் பருவம். சில நாட்களில் அது முதிர்ந்து உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி உறை கட்டுகிறது. உறைக்குள் பிரிந்து பெருகி, நூற்றுக்கு மேற்பட்ட நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும். உதிர்வதும் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில். மீன் உறங்கும் வேளை அது. குஞ்சுக்கு ஆயுள் ஓரிரு நாள். மீனைத் தொற்றும் வலுவோ சில மணி நேரமே.

தோலுக்குள் இருப்பதை மருந்து எட்டாது, உறையையும் துளைக்காது. நீந்தும் குஞ்சு ஒன்றுதான் அகப்படும். வார்ட் கண்ட அதே வாசல்.

அந்த வாசலில் நிறுத்தும் மருந்துகளில் ஒன்று செம்பு. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது மலைநாட்டில் செம்பு மருந்துத் தெளிப்பு வழக்கமானது. 1955இல் சான்பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்து டெம்ஸ்டர், கடல்மீனின் வேறோர் ஒட்டுண்ணிக்கு மயில்துத்தம் என்னும் செம்பு உப்பு பலிப்பதை எழுதினார். அந்தச் சிகிச்சை வெண்புள்ளிக்கும் பரவியது. லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு நீரில் தொடர்ந்து நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் சாகும். பவளக்கல்லும் சுண்ணமணலும் செம்பை உறிஞ்சி அளவைக் குலைத்துவிடும். இறால், பவளம் இருக்கும் தொட்டியில் செம்பு கூடவே கூடாது. எனவே கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டி வேண்டும். நாள்தோறும் சோதனைப் பெட்டியால் அளக்கவும் வேண்டும். குளோரோகுயினுக்கும் தனித் தொட்டிதான்.

இந்த வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தது மருந்தே இல்லாத வழி. இஸ்ரேலின் ஏலாத் நகரில் கோலோர்னி 1987இல் எழுதியது அது: மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்று, நான்கு மாற்றம். உதிர்ந்த உறைகள் குஞ்சு பொரிக்கும் முன்பே பழைய தொட்டியோடு போய்விடுகின்றன. இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும், முறைவைத்துக் கழுவிக் காயவைக்கும் பொறுமையும் போதும். உப்பைக் குறைத்து ஆயிரத்துக்கு 15 அளவில் வைப்பதும் பல இடங்களில் பலித்தது; ஆனால் தைவானில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, அதைவிடக் குறைந்த உப்பிலும் வாழும் வகைகள் இருப்பதைக் காட்டியது.

பெரகலவுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. இந்தக் கணக்குகள் வெப்பக் கடல்நீரை, ஏறத்தாழ 25 பாகை செல்சியஸை, மனத்தில் வைத்துப் போட்டவை. மார்கழி, தை இரவுகளில் சூடேற்றி இல்லாத தொட்டி அதைவிட வெகுவாகக் குளிரும். குளிரில் ஒட்டுண்ணி மீனின் மேல் தங்கும் காலம் நீள்கிறது. பன்னிரண்டாம் நாள் மாற்றம் முடிந்த பிறகும் தோலுக்குள் ஒன்றிரண்டு மிஞ்சக்கூடும். 12 பாகையில் உறைகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடப்பதும் பதிவாகியுள்ளது. ஆகவே சூடேற்றியும் வெப்பமானியும் இங்கே சிகிச்சைப் பொருட்களே. மின்வெட்டான இரவுகளைக் குறித்து வைத்து, ஐயம் இருந்தால் இன்னும் இரண்டு மாற்றம் சேர்ப்பது நல்லது.

மீன் குணமாகும் நாட்களில் அது முன்பிருந்த பெரிய தொட்டியை மீனின்றி விட வேண்டும். இறாலும் பவளமும் இருக்கலாம். மீன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. உறைகளில் பெரும்பாலானவை ஒரு வாரத்தையொட்டிப் பொரித்தாலும், 72ஆம் நாளில் பொரித்ததும் உண்டு. அந்த எழுபத்திரண்டு நாளும் அதே வெப்பத்தில் அந்தத் தொட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.